பெப்ரவரி 4 மேடை: சோடனையைத் தரையிலிருந்து தொடங்குங்கள்

காலையில் கொழும்புக் காலிமுகத்திடலிலோ சுதந்திரச் சதுக்கத்திலோ நடக்கிற இலங்கைச் சுதந்திர தின அணிவகுப்பு அரசாங்கத்தின் பாடு. அதை விட்டுவிடுவோம். அதே நாள் பின்னேரமோ அதை ஒட்டிய சனி, ஞாயிறிலோ வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து மண்டபங்களில் நடக்கிற சின்ன விழாக்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சோடிக்கிறவருக்கும் சம்பளமில்லை, ஆடுகிறவருக்கும் சம்பளமில்லை. இரண்டு தரப்பும் பெரும்பாலும் விழா அன்று நாலு மணிக்கு மேடையில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. சோடனைக்காரர் ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து போட்ட மாக்கோலத்தின் மேல் வரவேற்பு நடனப் பிள்ளை வழுக்கி விழுவது இதனால்தான்.

எல்லோரும் பூவிலும் தோரணத்திலும் தொடங்கிக் கடைசியில் தரைக்கு வருகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் தரை, பிறகு மின்சாரம், பிறகு பின்திரை, ஆக்கடைசியில் பூ.

தரையை வெறுங்காலோடு நடந்து பாருங்கள். செருப்போடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலகை மேடையாக இருந்தால் இரண்டு பலகை சேருகிற இடத்தில் விளிம்பு மேலெழுந்திருக்கும். தட்டிமிதிக்கும்போது பெருவிரல் அங்கேதான் அடிபடும். துணி டேப்பை அந்த மூட்டின் நீளத்துக்கு ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். கார்ப்பெட் விரித்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆடுகிறவருக்கு நரகம். பாதம் திரும்பாது, முழங்கால் திரும்பும். கார்ப்பெட் கட்டாயம் என்றால் பேச்சாளர்கள் அமரும் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள். பழைய பெனரைத் திருப்பி விரிக்கிற பழக்கம் இன்னும் மோசம். வியர்த்த காலுக்கு அது சவர்க்காரம் பூசிய தரை மாதிரி.

அளவையும் அப்போதே எடுத்துவிடுங்கள். அரைமண்டியில் (முழங்கால்களை அகட்டி மடக்கிய நிலையில்) கைகளை விரித்து நிற்கும் வளர்ந்த பிள்ளைக்குக் குறுக்காக 6 அடி வேண்டும், சின்னப் பிள்ளைக்கு 5 அடி. எட்டுப் பேர் இரண்டு வரிசையில் ஆடுவதென்றால் அகலம் 24 அடி, ஆழம் குறைந்தது 12 அடி. இது வெறும் மேடைக் கணக்கு. முன்பக்கம் பூச்சாடி வரிசை ஒன்றரை அடியை எடுத்துக்கொள்ளும். பின்பக்கம் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) எழுத்து, நிலைவிளக்கு, இருக்கைகள் என்று மூன்று அடி போய்விடும். 16 அடி ஆழமான மேடையில் மிஞ்சுவது பதினொன்றரை. சோடனைக்காரர் இந்தக் கணக்கை நடன ஆசிரியரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் அவர் எட்டை ஆறாகக் குறைப்பார், அல்லது வரிசையை மாற்றுவார். அன்றைக்குச் சொன்னால் அழுகைதான் மிஞ்சும்.

கோலத்தை மேடைக்குக் கீழே, வாசலில் போடுங்கள். ஈரமாவில் போட்டால் காய ஒரு மணித்தியாலமாவது ஆகும், விசிறி இருந்தால் சற்று முன்னதாகக் காயும். உலர்மாவில் போட்டால் அதே விசிறி அதை அடித்துக்கொண்டு போய்விடும். டைல் தரையில் இரண்டுமே வழுக்கும். அதனால் நடக்கிற பாதையை விட்டு ஒதுக்கி, சுற்றிவரச் சின்னச் சாடிகளை வைத்து மறித்துவிட வேண்டும்.

குத்துவிளக்கு விஷயமும் இப்படித்தான். மேடை நடுவில் ஏற்றிவிட்டு, நடனத்துக்கு முன் இரண்டு பேர் தூக்கி ஓரத்தில் வைப்பது வழக்கம். தூக்கும்போது எண்ணெய் தளம்பிச் சொட்டும். அந்தச் சொட்டு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தொடக்கத்திலேயே மேடைக்குக் கீழே, ஒரு பக்கமாக, தாம்பாளத்தில் மணல் பரப்பி அதன்மேல் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. விசிறிக் காற்றில் ஆடையின் பொலியெஸ்டர் ஓரம் தீயில் படும் ஆபத்தும் போய்விடும். ஐந்து முக விளக்குக்குக் கால் போத்தல் தேங்காயெண்ணெய் விழா முடியும்வரை தாராளம். திரியை அரை மணித்தியாலம் முன்பே எண்ணெயில் ஊறப்போட்டு, நுனியில் கற்பூரத் தூளை ஒரு துளி அழுத்திவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிரதம விருந்தினர் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார், ஒளிப்படக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார். விளக்கேற்றும் நேரத்துக்கு மட்டும் விசிறிகளை நிறுத்த ஒருவரைச் சுவிட்ச் அருகில் நிறுத்துங்கள். ஏற்றி முடிந்ததும் திரும்பப் போடவும் அவருக்கு நினைவிருக்க வேண்டும். பெப்ரவரியில் மழை குறைவு, ஆனால் பகல் வெக்கை 30 பாகையைத் தொடும். மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தால் மேலும் ஏறும்.

மின்சாரத்துக்கு ஒரே ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். நம்முடைய மின்னழுத்தம் 230 வோல்ட். 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்குவது ஏறத்தாழ 3000 வோட். பழைய மண்டபங்களில் மேடைப் பக்கச் சுவரிலிருக்கும் இரண்டு மூன்று பிளக்கும் பெரும்பாலும் ஒரே வயரிலிருந்து வருபவை. ஆயிரம் வோட் ஹலஜன் இரண்டும் அம்ப்பும் அதில் ஏறினால் தேநீர்க் கேத்தலைப் பின்னறையில் யாரோ போடும்போது எல்லாம் அணையும். கேத்தலைத்தான் முதலில் தேடிப் பிடித்துக் கழற்ற வேண்டும், அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வது இது. எல்ஈடி பார் விளக்குகளை வாடகைக்கு எடுத்தால் ஒன்று நூறு, இருநூறு வோட்டுக்குள் முடிந்துவிடும், சூடும் குறைவு. எக்ஸ்டென்ஷன் வயர் உருளையை முழுவதும் அவிழ்த்தே பாவியுங்கள். சுற்றியபடி வைத்து அதிகச் சுமை ஏற்றினால் உள்ளே சூடேறி உருகும். ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் அதைப் பலவந்தமாகத் தூக்கி வைக்காமல் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தோட்டத்தில் தொங்கவிட்ட அலங்கார பல்ப் சரத்தில்தான் ஈரம் இருக்கும்.

வெளிச்சத்தின் நிறத்தையும் நடன ஆசிரியரோடு பேசியே முடிவு செய்யுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் பச்சை உடுப்பு கறுப்பாகத் தெரியும். கொடியின் நிறங்களிலேயே பிள்ளைகளை உடுத்திவிட்டு மேலே சிவப்பை அடித்தால் அந்த யோசனையே வீண். முகத்துக்கு வெள்ளை, பின்திரைக்கு மட்டும் நிறம்.

இனி பின்திரை. கொழும்பில் இதுதான் தலைவலி, அதுவும் தமிழருக்கு மட்டும் வருகிற தலைவலி. மும்மொழிப் பெனரில் சிங்களமும் ஆங்கிலமும் ஒழுங்காக இருக்கும், தமிழ் குதறப்பட்டிருக்கும். காரணம் அலட்சியம் மட்டுமில்லை. யுனிகோடில் தட்டச்சிட்ட தமிழைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘இலங்கை’ என்ற சொல்லே அப்படி உடையும், கடைசி எழுத்தின் ஐகாரக் குறி தனியே வலப்பக்கம் தொங்கும். ‘கொடி’யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், இடையில் ஒரு புள்ளி வட்டம். யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பினால் வேறு சிக்கல்: அச்சகத்துக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அதைத் திருத்துகிறவர் தமிழ் தெரியாதவர், நேரம் இரவு பதினொரு மணி. அவரைத் திட்டிப் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. தமிழ் வாசகத்தை எழுத்தாகவும் அனுப்புங்கள், சரியாகத் தெரியும் பிடிஎஃப் ஆகவும் அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடியும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் சரிபார்த்த பிறகு எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைனாக) மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. கைபேசியில் வரும் சின்னப் படத்தைப் பார்த்து ‘சரி’ போடாதீர்கள். ஏ4 தாளிலாவது அச்சிட்டு, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பாருங்கள். ‘சுதந்திரம்’ ‘சுதந்திறம்’ ஆவது அங்கேதான் பிடிபடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மூன்று மொழிக்கும் ஒரே அகலம் கொடுத்தால் தமிழ் வரியைப் பக்கவாட்டில் நெருக்கிவிடுவார்கள். ஒடுக்காமல் இரண்டு வரியாக உடைக்கச் சொல்லுங்கள். எழுத்தெல்லாம் தரையிலிருந்து 6 அடிக்கு மேலே இருக்கட்டும், கீழே எழுதியதை ஆட்களின் தலை மறைக்கும். பளபளப்பான ஃப்ளெக்ஸில் விளக்கொளி பட்டு எழுத்தே தெரியாமல் போகும். துணியில் அச்சிட்டால் விலை கூட, ஆனால் கண் கூசாது, மடித்து வைக்கலாம்.

எத்தனையாவது சுதந்திர தினம் என்று எழுதுவதிலும் ஒவ்வொரு வருடமும் சண்டை வரும். நடப்பு ஆண்டிலிருந்து சுதந்திரம் கிடைத்த 1948ஐக் கழியுங்கள், அவ்வளவுதான். 2023இல் 75, 2026இல் 78. ஒன்றைக் கூட்டவேண்டும் என்று சொல்கிற மாமா எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்குத் தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள்.

ரெஜிபோமில் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ரே பெயின்ட் நேரடியாக அடித்தால் அதிலிருக்கும் கரைப்பான் ரெஜிபோமைத் தின்னும், எழுத்தின் ஓரம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகும். முதலில் பைண்டர் கம்மோ தண்ணீரில் கரையும் இமல்ஷனோ இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் வர்ணம் தீட்டலாம். ஒட்டுவதற்கும் தின்னர் மணக்கிற பசை ஆகாது. ஓர் அங்குலத் தடிப்பு, ஓரடி உயரம் இருந்தால் மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை தெரியும்.

துணி மடிப்புக்குக் கணக்கு இரண்டரை மடங்கு. 24 அடி மேடை விளிம்புக்கு 60 அடி, அதாவது 20 யார் வேண்டும். சரியாக 24 அடி வாங்கி இழுத்துக் கட்டினால் மேசைவிரிப்பு மாதிரி இருக்கும். புறக்கோட்டையில் வாங்கும்போது கொடியில் உள்ள செம்மஞ்சளைக் கேட்டால் காவியை எடுத்து வைப்பார்கள். கையில் ஒரு கொடியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

பொலித்தீன் கொடிச் சரங்களை மட்டும் வாங்காதீர்கள். அரசியல், சமய, தேசிய, கலாசார நிகழ்வுகளின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிப்பது 2017 முதல் தடை. பிளாஸ்டிக் பூமாலை 2023 ஒக்டோபரில் அந்த வரிசையில் சேர்ந்தது, இடியப்பத் தட்டும் கூடவே. கடைகளில் இன்னும் தொங்குவதைப் பார்த்து அனுமதி இருக்கிறதென்று நினைக்க வேண்டாம்.

அதனால் குருத்தோலைதான். ஒரு குருத்தைப் பிரித்தால் நூற்றுக்கு மேல் ஓலை கிடைக்கும். அரை அடிக்கு ஒன்று வீதம் 24 அடிக் கயிற்றுக்கு 49 போதும். முதல் நாள் பின்னேரம் மடித்துக் கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, விழாவுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் கட்டுங்கள். காலையிலேயே வெயில் படும் வாசலில் கட்டினால் பின்னேரம் ஓரம் பழுத்துச் சுருண்டிருக்கும். மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவி (ஓலையைப் பறவை போல மடிக்கும் மடிப்பு), தலை மேல்நோக்கி. மூன்று குருவி தலைகீழாக வந்தால் அது செத்தவீட்டுத் தோரணம். பிள்ளைகளிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் பார்க்காமல் விட்டால் இந்தப் பிழை வந்தே தீரும், முதல் வரிசையில் இருக்கும் ஆச்சி அதைக் கண்டுபிடித்தே தீருவார். தைப்பூசம் அந்த நாட்களை ஒட்டி வருகிற ஆண்டில் பூவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கொடிக்கு வருவோம். நீளம் அகலத்தின் இரு மடங்கு: 3 அடிக்கு 6 அடி. பச்சைக் கோடு கம்பத்தை ஒட்டி, அடுத்தது செம்மஞ்சள். சிங்கம் அந்தக் கோடுகளைப் பார்த்து, அதாவது கம்பத்தைப் பார்த்து நிற்கும். வாள் நுனி மேலே. நான்கு மூலை அரசிலை 1972இல் வந்தது. அச்சுப் பிழையுள்ள மலிவுக் கொடியில் இவற்றில் ஒன்றாவது மாறியிருக்கும், வாங்கும் இடத்திலேயே விரித்துப் பாருங்கள். நெடுங்குத்தாகத் தொங்கவிட்டால் சிங்கம் மல்லாந்து படுத்துவிடும், ஆகவே சுவரிலும் கிடையாகவே கட்டுங்கள். கப்பியில் கயிறு ஓடுகிறதா என்று முதல் நாள் இரவு ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். கடல் காற்றில் துருப்பிடித்த கப்பி பாதிக் கம்பத்தில் நின்றுவிடும். அரைக்கம்பத்துக் கொடியோடு சுதந்திர தினம் கொண்டாட யாருக்கும் விருப்பமிருக்காது.

தேசிய கீதம் எந்த மொழியில் என்பதை மேடையில் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது. புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கிய கீதம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கிறது. 2016இல் காலிமுகத்திடல் அரச விழாவில் பாடப்பட்டது, 2020 அரச விழாவில் பாடப்படவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தால் சின்ன விழாக்களிலும் அறிவிப்பாளர் தடுமாறுகிறார். இரண்டு மொழியிலும் பாடுவதானால், ‘இரு மொழிகளிலும் பாடப்படும்’ என்று முன்னமே அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கீதம் முடிந்ததும் பாதிச் சனம் உட்கார்ந்துவிடும். மெட்டு ஒன்றே என்பதால் வாத்தியப் பதிவு ஒன்று இரண்டுக்கும் உதவும். அதன் சுருதியை மட்டும் பாருங்கள். ஆண் குரலுக்கு ஏற்ற பதிவில் பிள்ளைகள் பாடினால் கீழ்ச்சுரங்கள் முணுமுணுப்பாகப் போய்விடும். முன்னிசை எத்தனை நொடி என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாது. மேடைக்குக் கீழே ஒருவர் நின்று கையசைத்துத் தொடக்கம் காட்ட வேண்டும்.

ஒலியில் வருகிற மாயம் ஒன்று உண்டு. ஒத்திகையில் நன்றாகக் கேட்ட பாட்டு, விழாவில் ஓடும்போது மிருதங்கமும் வயலினும் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். பாட்டு பழுதாகவில்லை. கைபேசியின் ஸ்டீரியோ வயரை மிக்சரின் பேலன்ஸ்ட் ஓட்டையில் (இரண்டு கம்பிகளில் வரும் ஒலியின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) நேரே செருகினால் வலது, இடது இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் அதுதான் முழுதாக அழியும். ஒன்று இரண்டாகப் பிரியும் வயரைப் போட்டு இரண்டு சனலில் கொடுங்கள், குரல் திரும்பி வரும். சவுண்ட்ஸ்காரரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள், அவருக்கும் தன்மானம் இருக்கிறது. பாட்டுகளை 01, 02 என்று நிகழ்ச்சி வரிசையில் பெயரிட்டு இரண்டு பென்டிரைவில் வையுங்கள். கைபேசியில் ஓட்டுவதானால் ஃபிளைட் மோடில் போடுங்கள், நடனத்தின் நடுவில் அழைப்பு மணி வராது. ஒலிபெருக்கிக்கான பொலிஸ் அனுமதியின் பிரதி மிக்சர் மேசையிலேயே இருக்கட்டும்.

ஆடுகிறவர்கள் பக்கம். பரத உடுப்பும் ஒப்பனையும் தலையலங்காரமும் ஒரு பிள்ளைக்கு முக்கால் மணித்தியாலம். எட்டுப் பிள்ளைக்கு இரண்டு அம்மாமார் இருந்தால் மூன்று மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். வீதி மூடல்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள்; அணிவகுப்பு ஒத்திகை நாட்களில்கூட நகரின் நடுப்பகுதிப் பாதைகளை மாற்றுவார்கள். கண்டிய நடனக் குழுவை அழைப்பதானால் டிசம்பரிலேயே பேசிவிடுங்கள், பெப்ரவரியில் கங்காராமை விகாரையின் நவம் பெரஹரா ஊர்வலமும் வருகிறது. மிருதங்கத்தை வெளியே சுருதி சேர்த்துவிட்டுக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் கொண்டுபோனால் தோல் மாறிச் சுருதி விலகும். உள்ளேயே இருபது நிமிடம் வைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

காலையில் கொடியேற்றத்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழுவதற்கு வெயில் பாதிக் காரணம். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது மீதி. இரத்தம் காலிலேயே தங்கிவிடும். முழங்காலை நூலளவு மடக்கி, சப்பாத்துக்குள் விரலை அசைத்துக்கொண்டே நிற்கப் பழக்குங்கள். வெறும் வயிற்றோடு வரவிடாதீர்கள், இரண்டு பிஸ்கட்டும் தண்ணீருமாவது உள்ளே போகட்டும்.

புஷ்பாஞ்சலியில் (பூவால் வணங்கித் தொடங்கும் நடனத்தில்) பூத் தூவுவதா என்று கட்டாயம் கேளுங்கள். தூவிய இதழை மிதித்தால் நசிந்து சாறு வரும். அடுத்த நடனம் அதன்மேல்தான். ஒன்று பூவை அபிநயத்தில் மட்டும் தூவட்டும், இல்லையென்றால் அதற்கு அடுத்து ஒரு பேச்சை வையுங்கள். பேச்சாளர் மைக் முன் நிற்கும் ஐந்து நிமிடத்தில் ஒருவர் தும்புத்தடியும் ஈரத் துணியுமாகப் பின்னால் துடைத்து முடிக்கலாம். நீளமான பேச்சுகளால் கிடைக்கிற ஒரே நன்மை இது.

சலங்கையிலிருந்து கழன்ற மணி, தலையிலிருந்து விழுந்த ஊசி, சட்டைப்பின் இவை ஒவ்வொரு உருப்படிக்குப் பிறகும் மேடையில் கிடக்கும். சலங்கை வாரின் நுனியை உள்ளே செருகி, மேலே தோல் நிறத் துணிப்பட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் பாதி குறையும். விழா முடிந்து கொடியை மாலை ஆறு மணிக்குள், இருட்டுவதற்கு முன் இறக்கி, ஈரமில்லாமல் மடித்து வைத்த பிறகு, தோரணத்தையும் துணியையும் கழற்றிய பிறகு, பழைய ஸ்பீக்கரில் எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி மேடை முழுவதும் ஒருமுறை இழுங்கள். பத்துப் பதினைந்து ஊசியாவது ஒட்டிக்கொண்டு வரும். மறுநாள் காலை அதே பலகையில் நடன வகுப்புப் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்பார்கள்.